கால் மணி நேரத்துல நின்னு போற கேப்சர் டிவைஸ்: ஒரு கல்யாண கேசட் வேலையில நடந்தது

பின்னணி

நான் நாகப்பட்டினம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். 2024 ஆகஸ்ட் கடைசில வந்த வேலை இது. பேரு, தெரு எதையும் போடல, அந்த வீட்டுல கேட்டுட்டுதான் எழுதுறேன். "அண்ணே, கேசட்ட ஏத்துறப்ப டிவைஸ் பாதில நின்னுடுது, வேற வாங்கிடவா"னு அடிக்கடி யாராவது கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்றத விட ஒரு வேலைய ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நடந்தது நடந்தபடி எழுதி வச்சா உபயோகமா இருக்கும்னு தோணுச்சு.

வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகப்போற வாத்தியார். கல்யாணம் 1991ல. செப்டம்பர் ரெண்டாவது வாரம் அவருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல வச்சு பண்றதா முடிவாகி சாப்பாட்டுக்கு வரைக்கும் சொல்லியாச்சு. சென்னைல ஐடில இருக்குற மகன், அப்பாவுக்கு சொல்லாம அந்த பழைய கல்யாண வீடியோவ எடுத்து அன்னிக்கு சாயங்காலம் சொந்தக்காரங்க முன்னாடி பெருசா போட்டுக் காட்டணும்னு நெனச்சு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தாரு. அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

கேசட்டு மூணு. எல்லாமே மூணு மணி நேரம் ஓடுற விஎச்எஸ். மொத கேசட்டு மாப்பிள்ளை அழைப்பு, ரெண்டாவது முகூர்த்தம், மூணாவது பந்தியும் மறுவீடும். முப்பத்துமூணு வருஷமா பீரோ மேல இருந்திருக்கு, கடலோர ஊரு, உப்புக்காத்து, மழைக்காலத்துல செவுரே வேர்க்கும். கேசட்டு ஓட்டுற டெக்கு (விசிஆர்) ஒண்ண மாமா வீட்டுலேருந்து வாங்கியாந்திருந்தாங்க, ஓடுது. இத முக்கியமா சொல்லணும், ஏன்னா ஜப்பான்ல கடைசி வரைக்கும் விசிஆர் செஞ்சிட்டு இருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க, இன்னிக்கு ஊர்ல ஓடுற டெக்கு எல்லாம் பழசுதான், கெட்டா பார்ட்ஸ் கெடைக்காது. அதனால கேசட்டையும் சரி டெக்கையும் சரி தேவையில்லாம பத்து தடவ ஓட்டி சோதிக்கக் கூடாது. இந்த கவலைதான் பின்னாடி எடுத்த நெறைய முடிவுக்கு காரணம்.

டெக்குலேருந்து வர்ற மஞ்ச, வெள்ள, சேப்பு வயர வாங்கி லேப்டாப்புக்கு யூஎஸ்பி வழியா குடுக்குற சின்ன கேப்சர் குச்சி ஒண்ண மகன் ஆன்லைன்ல வாங்கியிருந்தாரு, இனிமே அவர தம்பின்னே சொல்றேன். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நாலு நாள் அதோட போராடி முடிச்சிருந்தாரு, விசேஷத்துக்கு மீதி பதினாலு நாள்.

வந்தன்னிக்கு பாத்தது

வீட்டுல எப்படி மாட்டியிருந்தாரோ அப்படியே என் கடை டேபிள்ல மாட்டச் சொன்னேன். சர்வீஸ்க்கு வர்றவங்க டிவைஸ மட்டும் கையில எடுத்துட்டு வருவாங்க, அது போதாது, கூட இருந்த வயரு ஹப்பு எல்லாம் வேணும். லேப்டாப்புல ரெண்டு யூஎஸ்பி போர்ட்டு, ஒண்ணு லூசு, தொட்டா கட் ஆகும். அதனால நல்ல போர்ட்டுல, ஒரு போர்ட்ட நாலா பிரிக்கிற நாலு வாய் ஹப்பு ஒண்ணு, கரண்ட் அடாப்டர் இல்லாத ஹப்பு. அதுல கேப்சர் குச்சி, வீடியோவ சேவ் பண்ண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், மவுஸ். சவுண்டு மட்டும் தனியா லேப்டாப்போட மைக் ஓட்டையில சொருகியிருந்தாரு, கேட்டா "குச்சிலேருந்து சவுண்டே வரலண்ணா"ன்னாரு.

ரெக்கார்டு போட்டோம். படம் நல்லாதான் வந்துச்சு. பதினாறாவது நிமிஷம் படம் அப்படியே நின்னுச்சு, விண்டோஸ்ல ஏதாவது கழட்டுனா வர்ற அந்த ரெண்டு தட்டு சத்தம் கேட்டுச்சு, டிவைஸ் மேனேஜர்ல (மாட்டியிருக்குற கருவிங்கள விண்டோஸ் காட்டுற பட்டியல்) பாத்தா குச்சியே காணோம். பிடுங்கி சொருகுனா திரும்ப வந்துடுச்சு. "இதேதான்ணா, தினமும் இதேதான்"னாரு.

கூடவே இன்னும் ரெண்டு குறை சொன்னாரு. ரெண்டாவது கேசட்டுல ஒரு எடம் வந்தா ரெக்கார்டு தானா நின்னுடுது. அப்புறம் வந்த வரைக்குமான ஃபைல்ல சத்தமும் படமும் ஒத்துப்போகல. அவரு இத மூணா பிரிச்சு சொல்லல. "டிவைஸ் சரியில்ல"ன்னு ஒரே வாக்கியத்துல சொன்னாரு. நானும் மொத ரெண்டு நாள் அந்த ஒரே வாக்கியமாதான் எடுத்துக்கிட்டேன்.

மொதல்ல எடுத்த முடிவு, அது போன வழி

மொதல்ல டிரைவரத்தான், அதாவது குச்சிய விண்டோஸுக்குப் புரிய வைக்கிற சாஃப்ட்வேரத்தான் சந்தேகப்பட்டேன். அதுக்கு நியாயமும் இருக்கு. இந்த மாதிரி குச்சிங்க வெளிய ஒரே கூடு, ஒரே லேபிளு, உள்ள சிப்பு வேற வேற. எஸ்டிகே1160, ஈஎம்2860, யூஎஸ்பிடிவி007, எஸ்எம்ஐ2021ன்னு குறைஞ்சது நாலு வகை இருக்கு, ஒண்ணோட டிரைவர் இன்னொண்ணுக்கு ஆகாது. கூட வர்ற குட்டி சிடிய போட லேப்டாப்புல டிரைவே இல்ல, அதனால தம்பி நெட்டுல தேடி மூணு விதமான டிரைவர ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தியிருந்தாரு. டிவைஸ் மேனேஜர்ல ஹார்டுவேர் ஐடிய பாத்து இது யூஎஸ்பிடிவி007ன்னு உறுதி பண்ணி, மத்ததெல்லாம் கழட்டிட்டு, அதுக்கானத மட்டும் போட்டேன். உடனே ஒரு நல்லது நடந்துச்சு, குச்சியோட சொந்த சவுண்டு வந்துடுச்சு. ஆனா பதினஞ்சாவது நிமிஷம் மறுபடி அந்த ரெண்டு தட்டு.

அடுத்தது பவர் செட்டிங்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டுன்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணேன். இத எல்லாரும் சொல்ற வைத்தியம், அதனால செஞ்சேன், ஆனா யோசிச்சுப் பாத்தா அது சும்மா இருக்குற டிவைஸத்தான் தூங்க வைக்கும், இங்க குச்சி நிமிஷம் விடாம படத்த அனுப்பிட்டே இருக்கு. மாற்றம் ஒண்ணுமில்ல.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் பெரிய தப்பு. "டிவைஸே டூப்ளிகேட்டா இருக்கும், வேற வாங்கிடுவோம்"னு நானே சொல்லிட்டேன். தம்பி கும்பகோணம் வரைக்கும் போய் வேற கலர்ல, வேற டப்பாவுல ஒண்ணு வாங்கியாந்தாரு, ஒரு நாள் போச்சு, காசும் போச்சு. அதுல இருந்தது ஈஎம்2860 சிப்பு. அத மாட்டி ஓட்டுனா பதினேழாவது நிமிஷத்துல கழண்டுச்சு.

அன்னிக்கு ராத்திரி கடைய சாத்திட்டு வீட்டுக்குப் போறப்பதான் உறைச்சுது. உள்ள இருக்குற சிப்பு வேற, டிரைவர் வேற, செஞ்ச எடம் வேற, ஆனா சாவுற நேரம் மட்டும் ஏறக்குறைய ஒண்ணு. அப்ப கோளாறு குச்சிக்குள்ள இல்ல. ரெண்டாவது குச்சி வாங்குனது வீண் செலவுன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஆனா எனக்கு கெடச்ச மொத உருப்படியான சாட்சியே அதுதான். என்ன, அதே சாட்சிய பக்கத்து கடைல ஒரு குச்சிய அரை நாளைக்கு இரவல் வாங்கியே தெரிஞ்சிருக்கலாம்.

நோட்டு போட்டு எழுதுனது

மறுநாள் காலைல எதையும் மாத்தல. நாற்பது பக்க நோட்டு ஒண்ண எடுத்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூணு விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன்: ரெக்கார்டு ஆரம்பிச்சு எத்தன நிமிஷத்துல நின்னுச்சு, நிக்கறப்ப டெக்கு கவுன்ட்டர் என்ன காட்டுச்சு, நின்னப்புறம் டிவைஸ் மேனேஜர்ல குச்சி இருக்கா இல்லையா.

மொத கேசட்ட ஆரம்பத்துலேருந்து ஓட்டுனோம், 16 நிமிஷம், குச்சி காணோம். உடனே திரும்ப ஓட்டுனோம், 9 நிமிஷத்துலயே போச்சு. ஒரு மணி நேரம் விட்டு கேசட்டு நடுவுலேருந்து ஓட்டுனோம், 17 நிமிஷம். அப்புறம் கேசட்டையே எடுத்துட்டு டெக்கு காட்டுற வெறும் நீலத் திரைய ரெக்கார்டு பண்ணோம். தம்பிக்கு இது ஏன்னு புரியல, "படமே இல்லையேண்ணா"ன்னாரு. 15 நிமிஷத்துல போச்சு. படமே இல்லாதப்பவும் போகுதுன்னா அதுக்கும் கேசட்டுக்கும் சம்பந்தம் இல்ல.

ரெண்டாவது கேசட்ட கவுன்ட்டர் 35 நிமிஷத்துலேருந்து ஓட்டுனோம். 41 நிமிஷம் 20 வினாடில ரெக்கார்டு நின்னுச்சு. ஆனா அந்த ரெண்டு தட்டு சத்தம் வரல, குச்சி டிவைஸ் மேனேஜர்ல அப்படியே இருக்கு. 40லேருந்து ஓட்டுனோம், மறுபடியும் 41:20. ஒன்றரை நிமிஷம் கூட ஓடல, குச்சி சூடே ஆகல.

நோட்ட பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. ஒரு கோளாறு நேரத்தோட வருது, கேசட்டுல எந்த எடமா இருந்தாலும். இன்னொண்ணு எடத்தோட வருது, எந்த நேரமா இருந்தாலும். ஆறு நாளா ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிட்டு ஒரே மருந்துல ரெண்டும் போகணும்னு எதிர்பாத்துட்டு இருந்திருக்கோம்.

நேரத்தோட வந்த கோளாறு

உடனே திரும்ப ஓட்டுனா 9 நிமிஷத்துல போறதால சூடு ஒரு காரணம்னு தெரிஞ்சுது. குச்சிய தொட்டா வெரல ரொம்ப நேரம் வைக்க முடியல. டேபிள் ஃபேன அது பக்கம் திருப்பி வச்சோம், 16 நிமிஷம் 27 நிமிஷமாச்சு. நீளுது, ஆனா தீரல. அப்ப சூடு ஒரு துணைதான், மூலம் வேற எங்கயோ இருக்கு.

யூஎஸ்பி வோல்டேஜ் காட்டுற குட்டி மீட்டர் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, ஹப்புக்கும் குச்சிக்கும் நடுவுல மாட்டுனேன். ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கறப்ப 4.71. ரெக்கார்டு ஆரம்பிச்சு டிஸ்க் எழுத ஆரம்பிச்சதும் 4.42, 4.38, 4.44, 4.36ன்னு கடைசி நம்பர் நிக்காம துடிக்குது. தம்பி கீழ குனிஞ்சு அதையே பாத்துட்டு இருந்தாரு, 4.36 வந்த ஒரு தடவ படத்துல மின்னல் மாதிரி ஒரு கோடு ஓடுச்சு, அவருதான் மொதல்ல பாத்து சொன்னாரு.

கணக்கு என்னன்னா, யூஎஸ்பி 2.0 போர்ட்டு ஒண்ணு தர வேண்டிய கரண்ட் 500 மில்லிஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப்பு அந்த 500ஐத்தான் பங்கு போடுது, விதிப்படி ஒவ்வொரு வாய்க்கும் 100தான். கேப்சர் குச்சியும் சுத்துற ஹார்ட் டிஸ்க்கும் அதுல ஒண்ணா உக்காந்தா பத்தாது. குச்சிக்குள்ள 5 வோல்ட்ட 3.3 ஆக்குற ரெகுலேட்டர் ஒண்ணு இருக்கும், வெல கம்மியான ரெகுலேட்டருக்கு உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் நடுவுல ஒரு வோல்ட்டுக்கு மேல இடைவெளி வேணும், 4.4ங்கறது சரியா அந்த வெளிம்பு. குளிரா இருக்கறப்ப தாக்குப்பிடிக்குது, சூடு ஏறுனதும் கைய விட்டுடுது. பதினஞ்சு நிமிஷம்ங்கறது அது சூடாகுற நேரம்.

கரண்ட் மட்டும் இல்ல, பாதையும் நெரிசல். நம்ம ஊரு டிவி பால் (PAL)ங்கற ஒளிபரப்பு முறை, 720க்கு 576, வினாடிக்கு 25 படம். சுருக்காம அனுப்புனா வினாடிக்கு கிட்டத்தட்ட 20.7 எம்பி. தம்பி போட்டிருந்த சாஃப்ட்வேர் அத சுருக்காம அப்படியே ஹார்ட் டிஸ்க்குல எழுதிட்டு இருந்துச்சு, அதாவது அதே 20.7 எம்பி அதே ஹப்பு வழியா உள்ள வந்து அதே ஹப்பு வழியா வெளிய போகுது. யூஎஸ்பி 2.0ல 480 மெகாபிட்னு போட்டிருந்தாலும் நடைமுறைல முழுசா கெடைக்காது. வீடியோவுக்குன்னு ஒதுக்குற பாதைல ஒரு துண்டு தவறுனா திரும்பக் கேட்டு வாங்குற வழக்கமும் கெடையாது, போனது போனதுதான்.

முடிவு இப்படி எடுத்தோம். ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு லேப்டாப்போட உள் டிஸ்க்குலயே எழுதுறது. அதுல 90 ஜிபிதான் காலி, சுருக்காம எழுதுனா மணிக்கு 75 ஜிபி ஆகும், பத்தாது, அதனால தரம் குறையாம சுருக்குற ஹஃப்ஒய்யூவி கோடெக்குக்கு மாத்துனோம், எங்களுக்கு மணிக்கு 30 ஜிபி சுத்தி வந்துச்சு. பாதி கேசட்டு எடுத்ததும் நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டு, மீதிய எடுக்குறது. ஹப்ப எடுத்துட்டு குச்சிய நேரா நல்ல போர்ட்டுல சொருகுனோம், மீட்டர்ல 5.02 அசையாம நின்னுச்சு.

நீலத் திரைய போட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிட்டோம். காலைல வந்து பாத்தா டிஸ்க் நெறஞ்சு தானா நின்னிருந்துச்சு, ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடியிருக்கு, ஒரு தடவ கூட கழண்டுக்கல. இதோட விட்டிருக்கலாம், ஆனா பழைய மாதிரியே ஹப்பும் டிஸ்க்கும் மாட்டி ஒரு தடவ ஓட்டுனோம். 18 நிமிஷம், ரெண்டு தட்டு சத்தம், குச்சி காணோம். மருந்த நிறுத்துனா நோய் திரும்ப வருதான்னு பாக்காம சரியாச்சுன்னு சொல்லக்கூடாதுங்கறது என் பழக்கம்.

எடத்தோட வந்த கோளாறு

41:20ல என்ன இருக்குன்னு டிவில ஓட்டிப் பாத்தோம். டிவில பாத்தா பெருசா ஒண்ணும் தெரியல, படம் ஒரு வினாடி ஆடி, மேல ஒரு வளைவு வளைஞ்சு, நேராயிடுது. குச்சிக்கு மட்டும் அதுதான் உயிர் போற எடம். பழைய டிவி, வர்ற சிக்னல் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் அது கூடவே போய்க்கும். கேப்சர் சிப்பு கோடு எண்ணி எண்ணி படம் கட்டுது, எண்ணிக்கை தவறுனா அந்த படத்தையே தராது, படம் வரலைன்னா சாஃப்ட்வேர் கொஞ்சம் பாத்துட்டு சிக்னல் இல்லன்னு ரெக்கார்ட முடிச்சிடும்.

கேசட்ட வெளிய எடுத்து மூடிய தெறந்து வெளிச்சத்துல பாத்தேன். ரெண்டு வெரக்கட நீளத்துக்கு டேப்பு கசங்கி, ஓரம் சுருண்டு இருந்துச்சு. விஎச்எஸ் டேப்பு நம்ம பால் முறைல வினாடிக்கு 23.39 மில்லிமீட்டர் ஓடும், ரெண்டு வெரக்கடன்னா ஒன்றரை வினாடி, டிவில ஆடுன நேரத்துக்கு சரியா இருக்கு.

ஏன் அங்க மட்டும்னு அம்மாகிட்ட கேட்டோம். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "அது எங்கப்பா தாரை வாக்குற எடம் தம்பி. அவரு 93ல போயிட்டாரு. நடமாடுற படம்னு அது ஒண்ணுதான் இருக்கு. டெக்கு இருந்த வரைக்கும் அத நிறுத்தி நிறுத்தி பாப்பேன்." நிறுத்தி வச்சா டேப்பு நிக்கும், டேப்ப படிக்கிற ஹெட்டு இருக்குற உருளை நிக்காது, நிமிஷத்துக்கு 1500 சுத்து அதே எடத்த தேச்சுக்கிட்டே இருக்கும். எந்த எடத்த அதிகமா நேசிச்சாங்களோ அந்த எடம்தான் அதிகமா தேஞ்சிருக்கு. அதுக்கப்புறம் அந்த கேசட்ட நான் பிளே பண்றப்ப என் கை நிதானமாவே போச்சு.

இங்க ரெண்டு வழி. அந்த எடத்த விட்டுட்டு முன்னும் பின்னும் எடுத்து ஒட்டுறது, இல்லன்னா சிக்னல நேராக்குற ஒரு கருவிய நடுவுல வைக்கிறது. மொத வழி சுலபம், ஆனா விட வேண்டிய எடம் அதுவா இருக்கக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் நெனச்சோம். இதுக்குன்னே இருக்குற டைம் பேஸ் கரெக்டர் வாங்குற வெல இல்ல. ஆனா ஏவி இன்புட் இருக்குற டிவிடி ரெக்கார்டர் சிலது உள்ள வர்ற படத்த ஒரு தடவ நெனவுல வாங்கி திரும்ப ஒழுங்கா அனுப்பும், கேசட் வேலை பாக்குறவங்க பானாசோனிக் ஈஎஸ்10, ஈஎஸ்15 மாடல இதுக்குத்தான் தேடி அலைவாங்க. எங்க ஊரு ஸ்டுடியோ அண்ணன் ஒரு காலத்துல கல்யாண கேசட்ட எல்லாம் டிவிடியா மாத்திக் குடுத்துட்டு இருந்தாரு, அவர்கிட்ட கேட்டேன். பரண்லேருந்து ஒரு ரெக்கார்டர எறக்கி துணியால தொடச்சுக் குடுத்தாரு, "டிஸ்க் தட்டு தெறக்காது, ஆனா உள்ள விட்டு வெளிய எடுக்குறதுக்கு அது வேணாம்டா"ன்னாரு. டெக்குலேருந்து ரெக்கார்டர், ரெக்கார்டர்லேருந்து குச்சி. 41:20 வந்துச்சு. படம் ஒரு இமைக்கிற நேரம் உறைஞ்சு நின்னுச்சு, அப்புறம் ஓடுச்சு. ரெக்கார்டு நிக்கல. தாத்தா செம்பு பிடிச்ச கைய நீட்டுறாரு, தண்ணி விழுது, அம்மா தலைய குனிஞ்சிருக்காங்க, எல்லாம் வந்துடுச்சு.

ஹெட்டு சுத்தம் பண்றதையும் இங்க சொல்லிடுறேன். ரெண்டாவது கேசட்டுக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனச்ச வெள்ளத்தாள உருளைல லேசா வச்சு உருளைய கையால மெதுவா சுத்துனேன், தாள மேலயும் கீழயும் இழுக்கக் கூடாது, ஹெட்டு முறிஞ்சுடும். காது குடையிற பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், நூலு மாட்டிக்கும். தாள்ல கருப்பா ஒரு கோடு வந்துச்சு, படத்துல இருந்த பொரி பாதி கொறஞ்சுது.

கெட்டிமேளம் பிந்துனது

மூணாவது குறை சத்தம். தம்பி மொதல்ல எடுத்து வச்சிருந்த ஃபைல் ஒண்ணுல, ஐயர் வெரல ஆட்டி முடிச்சு, அப்புறம்தான் கெட்டிமேளம் கேக்குது. பதினஞ்சு நிமிஷ துண்டுக்குள்ளயே ஒரு வினாடிக்கு மேல வித்தியாசம். காரணத்த அப்பவே ஓரளவு யூகிச்சிருந்தேன். வழில தொலஞ்ச ஒவ்வொரு படத்துக்கும் வீடியோ நீளம் கொறையுது, 25 படம் தொலஞ்சா ஒரு வினாடி. சவுண்டு தனியா மைக் ஓட்டை வழியா வந்ததால அது மட்டும் முழுசா இருக்கு. அதோட மைக் ஓட்டைல ஒத்தச் சேனல்தான், நாதஸ்வரம் இரைஞ்சுக்கிட்டு கேட்டுச்சு.

இதுக்குன்னு தனியா ஒண்ணும் செய்ய வேண்டி வரல. டிரைவர் சரியானப்பவே குச்சியோட சொந்த சவுண்டு வந்துடுச்சு, ஹப்பு போனதும் படம் தொலையறது ஏறக்குறைய நின்னுடுச்சு. சரி பாக்க கெட்டிமேளத்தையே வச்சுக்கிட்டோம், வெரல் ஆடுறதும் மொத அடியும் சேருதான்னு. சேந்துச்சு.

மூணாவது கேசட்டு

இத வேணும்னேதான் கடைசிக்கு வச்சேன். கேசட்டோட சன்னல் வழியா பாத்தாலே டேப்பு சுருள் மேல வெள்ளையா மாவு தூவுன மாதிரி பூஞ்சை. அத அப்படியே டெக்குல போட்டா ஹெட்டுல ஒட்டும், அதுக்கப்புறம் போடுற நல்ல கேசட்டுக்கும் ஏறும். தம்பி அவசரத்துல ஆரம்பத்துலயே ஒரு தடவ போட்டுப் பாத்திருக்காரு, ஹெட்டு சுத்தம் பண்றப்ப வந்த கருப்புல அதுவும் இருந்திருக்கலாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி போட்ட டப்பாவுல நாலு நாள் காய வச்சு, கடைக்கு வெளிய வச்சு, மூக்குல துணி கட்டிக்கிட்டு, ஆல்கஹால் தொட்ட துணில டேப்ப கையால சுத்தி சுத்தி தொடச்சோம். ரெண்டு பேரு, ஒரு சாயங்காலம் முழுக்க. பந்தி பகுதி நல்லாவே வந்துச்சு. மறுவீட்டுல நாலு நிமிஷம் ஒட்டிக்கிட்டு பிரிய மாட்டேன்னுது, இழுத்தா பூச்சு உரிஞ்சு வரும்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். தம்பிக்கு மனசு வரல, "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்ணா"ன்னாரு. நான் ஒத்துக்கல. இன்னிக்கு பாக்க முடியாதது இருந்தா நாளைக்கு யாராவது பாக்கலாம், உரிஞ்சது போனா போனதுதான்.

என்ன கெடச்சுது

விசேஷத்துக்கு மூணு நாள் முன்னாடி ரெண்டு கேசட்டு முழுசா, மூணாவது அந்த நாலு நிமிஷம் தவிர, கையில குடுத்தேன். மூலத்த பெரிய ஃபைலாவே ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல வச்சாச்சு, போன்ல பாக்க சின்ன ஃபைல் தனியா. மொத குச்சியேதான் கடைசி வரைக்கும் ஓடுச்சு, ரெண்டாவது குச்சி இன்னும் கடைல சோதனைக்கு இருக்கு.

திருக்கடையூர்லேருந்து வந்தன்னிக்கு சாயங்காலம் வீட்டு முத்தத்துல வேட்டிய திரையா கட்டி போட்டாங்க, நானும் போயிருந்தேன். தாரை வாக்குற எடம் வந்தப்ப வாத்தியார் சார் நாற்காலிலேருந்து எந்திரிச்சு நின்னுட்டாரு, மாமனாருக்கு மரியாத குடுக்குற மாதிரி. அம்மா அவர பாக்கல, திரையத்தான் பாத்துட்டு இருந்தாங்க.

அடுத்த தடவ வேற மாதிரி செய்யறது

நோட்டு மொத நாளே போடுவேன். ரெண்டாவது நாள் முடிவுல அது கையில இருந்திருந்தா கும்பகோணம் அலைச்சல் இருந்திருக்காது, பதினாலு நாள்ல அந்த ரெண்டு நாளும் வீணாயிருக்காது. வாடிக்கையாளர் "டிவைஸ் சரியில்ல"ன்னு சொன்னா, எத்தன விதமா சரியில்லன்னு கேக்குறேன் இப்ப. நின்னப்ப கழண்ட சத்தம் வந்துச்சா இல்லையாங்கற ஒரு கேள்வியே பாதி வழிய காட்டிடுது.

கேசட்டே இல்லாம நீலத் திரைய ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாக்காம இனிமே எந்த கேசட்டையும் உள்ள போடறதில்ல. சோதனைக்கு அந்த 1991 கேசட்ட எத்தன தடவ ஓட்டிட்டோம்னு நோட்டுல எண்ணுனா பதினொண்ணு, அதுல ஏழு தேவையே இல்லாதது. மீட்டரும் மொத நாளே மாட்டிடுறேன். அடாப்டர் உள்ள ஹப்பு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ஆனா நேரா போர்ட்டு இருந்தா ஹப்பே வேணாங்கறதுதான் என் எண்ணம். பூஞ்சை கேசட்ட மொதல்லயே பிரிச்சு வேற டப்பாவுல போட்டு, டெக்கு பக்கமே கொண்டு வரக்கூடாதுன்னு வாசல்லயே சொல்லிடுறேன்.

மூணாவது கேசட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, சிலிக்கா ஜெல் டப்பாவுல, மேல தேதி எழுதி. ஐப்பசி கார்த்திகை மழைல அத தெறக்கறதா இல்ல. தைல காத்து காஞ்சதும் தம்பி பொங்கலுக்கு வர்றப்ப அந்த நாலு நிமிஷத்த ஒரு தடவ பாக்கலாம்னு பேசி வச்சிருக்கோம்.